பல்செட்டு ‘நிக்கல’: ரிட்டென்ஷனுக்குப் பிடிமானம்

அன்பின் குழுவினருக்கு,

பல்செட்டோ செயற்கை மூக்கோ கழன்று விழாமல் இருப்பதை ஆங்கிலத்தில் ரிட்டென்ஷன் என்கிறோம். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் ‘தக்கவைப்பு’ போதும் என்று குழுவில் ஐயா எழுதியிருந்தார். அகராதிப்படி சரிதான். ஆனால் ‘பல் தக்கவைப்பு’ என்று எழுதிப் பாருங்கள்: பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றியதாக அல்லவா பொருள் வருகிறது? மூக்கு இன்னும் மோசம். புற்றுநோய் அறுவையில் மூக்கை இழந்து சிலிகோன் மூக்கு வைத்திருப்பவரைப் பற்றி ‘மூக்குத் தக்கவைப்பு’ என்று எழுதினால் அபத்தம். கம்பி போட்டுச் சீராக்கிய பற்கள் பழைய இடத்துக்கே திரும்பாமல் காப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே ரிட்டென்ஷன்தான். தக்கவைப்பை அங்கே கொடுத்துவிடலாம், பொருந்தும்.

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் செட்டு கட்டியவர்கள் எங்களிடம் சொல்வது ஒன்றுதான்: ‘நிக்க மாட்டேங்குது.’ அதற்குள் மூன்று புகார்கள் கிடக்கின்றன. பேசும்போது கழன்று விழுந்தால் ரிட்டென்ஷன் போதவில்லை. பக்கவாட்டில் ஆடினால் ஸ்டெபிலிட்டி. கடிக்கையில் ஈறுக்குள் அழுந்தினால் சப்போர்ட். ஆகவே மூன்றையும் சேர்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். என் முன்மொழிவு: பிடிமானம், நிலைப்பு, தாங்கல். ‘பிடிப்பு’ வேண்டாம். வாயுப்பிடிப்பும் தசைப்பிடிப்பும் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன.

பிடிமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சொல்லின் பொருத்தம் விளங்கும். முழு மேல்செட்டில் பசையும் இல்லை, கம்பியும் இல்லை. செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம் மட்டும். தண்ணீர் தொட்டு ஒட்டிய இரண்டு கண்ணாடித் துண்டுகளை நேராக இழுத்துப் பிரிக்க முடியாது அல்லவா, அதே கணக்குதான். விளிம்பு சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க, செட்டின் முன்பற்களை இரண்டு விரலால் பிடித்து நேராகக் கீழே இழுத்துப் பார்ப்போம். அப்புறம் அதே பற்களை உதட்டுப் பக்கம் தள்ளுவோம். அண்ணத்தின் பின்பக்க மெத்தென்ற பகுதியான மென்னண்ணம் தொடங்கும் இடத்தில் அடைப்பு சரியில்லை என்றால் பின்விளிம்பு சட்டென்று இறங்கிவிடும். சில பிபி மாத்திரைகளால் வாய் வறண்டவர்களுக்கு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பிடிமானம் குறைவுதான்.

கீழ்செட்டுக்குக் கிடைக்கும் பரப்பு மேலே உள்ளதில் ஏறத்தாழ பாதி. போதாக்குறைக்கு நாக்கு வேறு தூக்கிவிடும். ‘கீழது மிதக்குது டாக்டர்’ என்று ஒரு கருவாட்டுக்கார ஆச்சி சொன்னதைவிட நல்ல விவரணையை நான் பாடநூலில் படித்ததில்லை. 2002இல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அதன்மேல் செட்டு மாட்டுவதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள். செலவுதான் இங்கே பலருக்குக் கட்டுப்படியாகாது.

சில பற்கள் மட்டும் போனவர்களுக்கான பகுதிச் செட்டில் வேலை செய்வது, மீதிப் பல்லைப் பற்றிக்கொள்ளும் கவ்வி. கோபால்ட்-குரோமியக் கவ்வியின் நுனி பல் ஈறை நோக்கிக் குறுகும் உட்குழிவுக்குள் 0.25 மில்லிமீட்டர் இறங்கினால் போதும்.

முகத்துக்கு வந்தால், 1566இல் வாள்சண்டையில் மூக்கில் ஒரு பகுதியை இழந்த வானியலாளர் டைக்கோ பிராகி உலோக மூக்கைப் பசையால் ஒட்டித்தான் வாழ்ந்தார். இன்றும் பசை உண்டு. ஆனால் நம் கடற்கரை வெக்கையில் வியர்வை அதை இளக்கிவிடும். மூக்கை மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துச் செய்வது ஒரு வழி. எலும்பில் இம்ப்ளான்ட் பதித்து, காந்தம் வைத்து மாட்டுவது இன்னொன்று. எச்சில், கவ்வி, பசை, காந்தம் எதுவானாலும் ‘பிடிமானம் போதவில்லை’ என்று தயங்காமல் எழுதலாம்.

கீழக்கரையிலிருந்து

*

பாம்பனிலிருந்து மறுமொழி:

அக்கா, பிடிமானத்துக்கு என் ஓட்டு. செட்டு வார்க்கிற எங்கள் லேபில் நாளைக்கே எழுதிவிடலாம். நிலைப்புதான் உறுத்துகிறது. பத்து வருடம் உழைக்கும் என்பதுபோல ஒலிக்கிறது. நேரடியாக ‘ஆடாமை’ என்றால் என்ன? தாங்கல் என்றால் வடமாவட்டத்தார் ஏரி என்பார்கள். நமக்குக் கண்மாய்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

*

கீழக்கரை:

சரி தம்பி, ஆடாமையே இருக்கட்டும். பட்டியலில் மாற்றிவிட்டேன். அடுத்தது அட்டாச்மென்ட். இம்ப்ளான்டின் மேல் வரும் பந்து, பட்டை, காந்தம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டும். ‘இணைப்பு’ என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், கரண்டுக்கும் கேஸுக்கும் போனது போதும்.