பரவளையத்தின் அடி தட்டையாக வருகிறது: முனையைக் காண்பது எப்படி?

மயூர்விகார்வாசி:
வணக்கம். தில்லியில் பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்வழியில் படித்த நான் பரவளையம் என்று சொல்ல, அவன் பாரபோலா என்று திருத்த, பாதி நேரம் பெயரிலேயே கழிகிறது. ஒய் = எக்ஸ்² − 3எக்ஸ் + 4 என்ற சார்பில் 0, 1, 2, 3 ஆகியவற்றை இட்டு 4, 2, 2, 4 என்று பெற்றவன், நடுவிலுள்ள இரு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து இணைத்துவிட்டதால், வளைவின் அடி பால் பாத்திரம்போல் தட்டையாக நிற்கிறது. மூலங்களின், அதாவது வளைவு எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களின், நடுவே முனை (வளைவு திரும்பும் அடிப்புள்ளி) இருக்கும் என்று படித்த நினைவு. ஆனால் இவ்வளைவு எக்ஸ் அச்சைத் தொடவே இல்லையே?

கணக்குப்பிள்ளை:
வர்க்கப் பூர்த்தி செய்யுங்கள், அதாவது சார்பை ஒரு முழு வர்க்கமும் ஓர் எண்ணும் சேர்ந்ததாக மாற்றி எழுதுங்கள். (எக்ஸ் − 1.5)² + 1.75 என்று வரும். வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பதால் முனை (1.5, 1.75).

கரோல்பாக் மாமி:
மேலே உள்ள விடை சரியே. ஆனால் உங்கள் பட்டியலே அதைச் சொல்லிவிட்டது. பரவளையம் தன் சமச்சீர் அச்சின் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால், ஒரே உயரமுள்ள எந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில்தான் முனை இருந்தாக வேண்டும்; மூலங்கள் உயரம் பூச்சியமான ஒரு ஜோடி மட்டுமே, அவை இல்லாவிட்டால் வேறு ஜோடியை எடுத்துக்கொள்ளலாம். மாறிலியாகிய 4-ஐ ஒதுக்கிவைத்தால் மிஞ்சுவது எக்ஸ்(எக்ஸ் − 3). அது 0-இலும் 3-இலும் பூச்சியமாகிறது, அவ்விரு இடங்களிலும் சார்பின் மதிப்பு 4. எக்ஸ்² கெழு (அதன் முன்னுள்ள எண்) ஏ, எக்ஸ் கெழு பி என்றால் இதே வழியில் 0-உம் −பி/ஏ-உம் கிடைக்கும். அவற்றின் நடுப்புள்ளிதான் பிள்ளைகள் உருப்போடும் −பி/2ஏ.

கணக்குப்பிள்ளை:
அழகான விளக்கம். சூத்திரத்தில் இடும்போது மட்டும் பி என்பது 3 அல்ல, −3 என்பதை மகன் கவனிக்கட்டும். பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

மயூர்விகார்வாசி:
மிக்க நன்றி. 1 செ.மீ.க்கு ஓர் அலகு என்று வைத்ததில், முனை அந்தத் தட்டைக் கோட்டுக்கு 2.5 மி.மீ. கீழே, அதாவது வரைபடத்தாளின் இரண்டரைச் சிறு கட்டம் இறங்கி அமைந்தது. இந்தமுறை அளவுகோலைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையாலேயே வரையச் சொன்னேன்.