பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ ஹாப். அதன் தன்மை மேலோங்கிய ‘ஹாப்பி’ (hoppy) பியருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘கசப்பு மிகு பியர்’ என்று வைத்தால் என்ன குறை? ஹாப் என்றாலே கசப்புதானே.

ஐயா, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அண்மையில் ஓர் உணவகத்தில் பிளாக் ஐபிஏ (ஹாப் நிறையப் போட்ட ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பியரின் கறுப்பு வகை) வாங்கிக் குடித்தேன். பார்வைக்கு ஸ்டவுட் என்கிற கறுப்பு பியரேதான். விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு, மேலே பழுப்பேறிய நுரை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்திருந்தால் கறுப்பு என்றே சொல்லியிருக்க மாட்டேன். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் வாசனை, அதற்குப் பின்னால் பைன் பிசின். வாயில் வைத்ததும் மெல்லிய காப்பி, துளி சாக்லேட். விழுங்கிய பிறகும் அடிநாக்கில் கசப்பு போவேனா என்று நின்றது.

இந்தக் கசப்பு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று ஹாப். அதன் பெண் பூங்கொத்து சின்னக் கூம்பாக இருக்கும். செதில்களுக்கு அடியில் மஞ்சள் பொடியாக லுபுலின். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறித்தான் கசப்பைத் தருகின்றன. உருமாறிய அந்த அமிலம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் ஏறத்தாழ ஒரு ஐபியு, அதாவது கசப்பின் ஓர் அலகு. பிளாக் ஐபிஏவில் 50 முதல் 90 வரை போகும். இன்னொன்று வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்). டேனியல் வீலர் 1817-இல் இங்கிலாந்தில் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, மால்ட்டைக் கன்னங்கரேலென்று வறுப்பது எளிதாயிற்று. அந்தக் கசப்பு கூடினால் நாக்கு வறளும். உமி நீக்கி வறுத்த மால்ட்டைப் பலர் தேடிப்போவது இதனால்தான்: நிறம் வேண்டும், சாம்பல் கசப்பு வேண்டாம். ஆக, ‘கசப்பு மிகு’ என்றால் எந்தக் கசப்பு?

மணத்தின் கதையோ வேறு. நெடுநேரம் கொதித்தால் மிர்சீன் போன்ற மணப்பொருள்கள் ஆவியாகிப் போகும். அதனால் கொதி அடங்கும் நேரத்திலோ, நொதித்த பிறகோ மறுபடி ஹாப் போடுகிறார்கள். கடைசியில் போடுவது மணத்தை ஏற்றும், கசப்பை அவ்வளவாக ஏற்றாது. கலங்கலான ஐபிஏக்களில் ஹாப் மூக்கைத் துளைக்கும், கசப்பு பரம சாது. அதையும் ‘கசப்பு மிகு’ என்போமா?

ஒலிபெயர்ப்பும் கைகொடுக்காது. ‘ஹாப்பி’ என்று எழுதினால் எல்லாரும் மகிழ்ச்சி என்றுதான் படிப்பார்கள். கிரந்தம் வேண்டாமென்று ஹகரத்தை எடுத்தால் ‘ஆப்பு’. ஆப்புப் பியரை யார் துணிந்து கேட்பார்கள்?

என் பரிந்துரை ‘ஹாப் தூக்கலான’. உப்பு தூக்கல், புளி தூக்கல் என்கிறோமே, அதே தூக்கல். மணமா கசப்பா என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதாமல், மற்றதை மீறி ஹாப் தெரிகிறது என்று மட்டும் சொல்லும். எதிரே ‘மால்ட் தூக்கலான’ என்றும் வைத்துக்கொள்ளலாம்.

—

> ‘ஹாப் தூக்கலான’

தம்பி, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் “உப்பு தூக்கலா இருக்கு” என்றால் அது புகார் அல்லவா? சுவைக் குறிப்பில் குறையாகத் தொனிக்காதா?

அப்புறம், நம் கலைச்சொல் பட்டியலில் ‘கரும்பியர்’ என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். கரும்பில் செய்தது என்று நினைக்கப் போகிறார்கள், எடுத்துவிடுங்கள். நொதித்த பிறகு ஹாப் போடுவதற்கு வைத்த ‘உலர் ஹாப்பிடல்’ அதைவிட மோசம். பியருக்குள் ஊறப்போடும் வேலையில் உலர் எங்கே வந்தது? ‘ஹாப் ஊறல்’ போதும். ஊறல் என்றதும் சிலருக்குக் கள்ளச்சாராயம் நினைவுக்கு வரும், வரட்டும்.

—

‘ஹாப் ஊறல்’ அருமை, அம்மா. அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

தூக்கல் புகாராக மட்டும் வருவதில்லை. “காரம் தூக்கலா இருக்கட்டும்” என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. விரும்பிக் கேட்டதா, மிஞ்சிப் போனதா என்பதை வாக்கியம் காட்டிவிடும். கெட்டுப்போன அளவைச் சொல்ல ‘ஹாப் மிஞ்சிய’ என்று தனியாக வைக்கலாம்.

ஐபிஏவை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். அதன் நடு எழுத்து வெளிர் நிறத்தைக் குறிப்பது. ‘கறுப்பு இந்திய வெளிர் ஏல்’ என்று எழுதிவிட்டு யாருக்கு விளக்கம் சொல்வது? இந்த முரண் பிடிக்காமல்தான் அமெரிக்காவின் வடமேற்கில் சிலர் ‘காஸ்கேடியன் டார்க் ஏல்’ என்றார்கள். நாம் ‘ஹாப் தூக்கலான கறுப்பு ஏல்’ என்றாலே குடிப்பவருக்கு விஷயம் போய்ச் சேரும்.

மிச்சம் இருப்பது வறுத்த மால்ட்டின் வாசனை. ‘கருகல்’ என்றால் அடிப்பிடித்தது என்று பொருள்படும். ‘வறுமணம்’ எப்படி?