அண்ணன் தங்கை பாடும் முதல் ஆல்பம்: கட்டை, பறை, பாட்டைக் கொடுத்தவர்

அண்ணனும் தங்கையும் ஊர்ப் பாட்டுகளைப் பாடி முதல் ஆல்பம் பதிய என்னென்ன கவனிக்க வேண்டும் என்ற கேள்விக்கு நால்வர் சொன்ன பதில்கள்.

பதிவுக்கூடம் நடத்துபவர், தருமபுரி

முதல் சிக்கல் கட்டைதான், அதாவது பாடும் சுருதி. தங்கைக்கு ஐந்தரை வசதி, அண்ணனுக்கு ஒன்றரை என்று வையுங்கள். அண்ணனை ஐந்தரையில் ஏற்றினால் கத்தலாகும். தங்கையை ஒன்றரைக்கு இறக்கினால் குரலே கேட்காது. ஆனால் நடவுப் பாட்டும் தாலாட்டும் பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கிவிடும். அதனால் நாலு கட்டையில் இருவரும் ஒரே ஸ்தாயியில் (சுர அடுக்கில்) சேர்ந்து பாடலாம். மேல் சட்ஜம் வரை ஏறும் கும்மிக்கு இது ஒத்துவராது. அங்கே தங்கை எடுத்துக் கொடுக்க, அண்ணன் பின்பாட்டைக் கீழ் ஸ்தாயியில் வாங்கட்டும்.

முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) சேர்ப்பதாக இருந்தால் அதைக் கேட்ட பிறகு கட்டையை முடிவு செய்யுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியால் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அரைக்கட்டை வித்தியாசத்தைச் சரிக்கட்ட முடியாது.

இருவரையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பாட வையுங்கள். உடன்பிறந்தவர்கள் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள், ஒரே மாதிரி சொல்லை முடிப்பார்கள். தனித்தனியாகப் பதிந்தால் அது போய்விடும். வாய்க்கும் மைக்குக்கும் 25 செ.மீ. என்றால் இரண்டு மைக்குக்கும் இடையே குறைந்தது 75 செ.மீ. இருக்கட்டும். நெருக்கினால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் ஏறி, சேர்க்கும்போது உள்ளீடற்றுக் கேட்கும். குரல்கள் ஒத்திருப்பதால் இரண்டையும் நடுவில் வைக்காமல் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று பிரித்துவிடுங்கள்.

பறை அடிப்பவர், அரூர் பக்கம்

மேளத்தைக் காய்ச்ச வெளியே இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும். வைக்கோல் தீயில் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகும். தோலை ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை, சூடு மிஞ்சினால் அதுவும் விட்டுவிடும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை திரும்பக் காய்ச்ச நேரம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் முதல் பாட்டில் கணீரென்று கேட்ட பறை நாலாவது பாட்டில் வேறு பறையாகிவிடும்.

மைக் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கனமான அடிக்குச்சியின் அடி எப்படியும் மைக்கில் விழும். பக்கத்தில் வைத்தால் மெல்லிய சிம்புக்குச்சியின் சலசலப்பு அதில் அமுங்கிப்போகும்.

கிளிக் (காதில் சீராக ஒலிக்கும் தாளத் துடிப்பு) போட்டுக் கும்மி அடிக்கச் சொல்லாதீர்கள். கும்மி வேகம் ஏறத்தான் செய்யும், அதுதான் கும்மி.

பதிவுக்கூடம் நடத்துபவர்

கும்மிக்குக் கிளிக் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் வேறு கருவி சேர்க்க வேண்டுமென்றால் பறையோடு ஒரு மாதிரிப் பாட்டு பதிந்து, அந்த நடையைப் பார்த்துக் கணினியில் தாளக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

பாட்டு சேகரிப்பவர், பாலக்கோடு

சொல்லைத் திருத்தாதீர்கள். பாட்டி 'கேவுரு' என்று பாடியதை 'கேழ்வரகு' ஆக்கினால் ஓர் அசை கூடி அடி இடிக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கப் பாட்டுகளில் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், அதையும் அப்படியே விடுங்கள். ஒரே பாட்டை மூன்று பேரிடமாவது கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். ஒருவர் மறந்த அடி இன்னொருவரிடம் இருக்கும்.

ஒப்பாரியைச் சும்மா உட்கார்ந்து பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் பாட மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

வெளியீட்டு வேலை பார்ப்பவர், கிருஷ்ணகிரி

'பாடலாசிரியர்' என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். 'மரபுப் பாடல்' என்று போட்டு, பாட்டைக் கொடுத்தவர் பெயரையும் ஊரையும், அவர் சம்மதித்தால், குறிப்பில் சேருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு, பாடியவர் உரிமை 50 ஆண்டு. இரண்டும் உங்கள் பதிவுக்குத்தான், பாட்டுக்கு அல்ல.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு) தனியாக வேண்டும். கடையில் வாங்கிய தயார் தாளத் துணுக்கைச் சேர்த்தால், அதே துணுக்கு வேறொருவர் பதிவிலும் இருந்தால், இணையத் தளங்களின் தானியங்கிச் சோதனை உங்கள் பாட்டை அவருடையது என்று காட்டக்கூடும். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குள் வெளியீட்டு நாள் போய்விடும். பறையை நேரில் அடித்துப் பதிவதே நல்லது.

பாட்டைக் கொடுத்த பாட்டி வீட்டுக்கும் ஒரு பென்டிரைவ் போகட்டும். எம்பி3 ஆக மாற்றிக் கொடுங்கள், பழைய ஸ்பீக்கர் பெட்டி பலவற்றில் வேவ் கோப்பு ஓடாது.