‘வேரபிள்’ – தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். மெய்நிகர் உலகத்துக்குள் நுழைய நம் கணினியில் ஓடும் மென்பொருள் (கிளையன்ட்) ஒன்றில், அவதாரத்தின், அதாவது அங்கே நம் சார்பில் உலவும் உருவத்தின், உடை நிரலைப் பிரித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வரும் பங்களிப்பாளர்களுக்கான கையேட்டைத் தமிழில் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். வெள்ளி இரவு கெடு. முதல் பக்கத்திலேயே ‘வேரபிள்’ (wearable, அவதாரம் அணியக்கூடியது) பதினோரு முறை வருகிறது.

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தின் நிரலிலிருந்து வந்த வழக்கு இது. 2003இல் தொடங்கிய அந்த உலகத்தின் கிளையன்ட் மூலநிரலை அதை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் 2007இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து கிளைத்தவற்றில் எல்லாம் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டை, காலுறை மட்டுமல்ல. தோல், கண், முடி, உடல்வாகு எல்லாமே அங்கே வேரபிள்தான்.

இப்போதைக்கு ‘அணி’ என்று போட்டிருக்கிறேன். ‘அணிகளைப் புதுப்பி’ என்ற பொத்தானைப் பார்த்த என் தங்கை, “எந்த விளையாட்டு?” என்று கேட்டாள்.

தமிழாசிரியர்:

அம்மா, தங்கை கேட்டது நியாயம். அணி என்றால் படைவரிசை, அணி என்றால் நகை, அணி என்றால் உவமையும் உருவகமும். தண்டியலங்காரம் முழுக்க அணிதான். அதில் ஒரு சட்டைகூட இல்லை.

தமிழில் துணியை உடுத்துவோம், நகையைப் பூணுவோம், பூவைச் சூடுவோம். எல்லாவற்றையும் ஒரே வினையில் அடக்குவது ஆங்கிலத்தின் வறுமை. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. “உண்பது நாழி உடுப்பவை இரண்டே” என்கிறது புறநானூறு 189. உடுப்பவை! வேரபிளுக்கு இதைவிட நேரான சொல் எங்கே கிடைக்கும்? ‘உடுக்கை இழந்தவன் கைபோல’ என்ற குறளின் உடுக்கையையும் எடுக்கலாம். ஆனால் இன்று அதைச் சொன்னால் கையில் தட்டும் கருவிதான் நினைவுக்கு வரும்.

நிரலர்:

ஐயா, நிரலில் ஒரே வகைப் பொருள்களை விவரிக்கும் அலகை வகுப்பு என்போம். அதன் பெயர் ஒருமையில் இருக்க வேண்டும். உடுப்பவையின் ஒருமை ‘உடுப்பது’. அது உடுத்தும் பொருளா, உடுத்தும் செயலா? அதே வகுப்புக்குள் உடுத்தும் வேலையைச் செய்யவென்று ஒரு நிரல்துண்டும் (செயற்கூறு) இருக்கிறது. படிக்கிறவன் திணறிப்போவான்.

சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். இந்த வேரபிளில் இரண்டு குலம். உடல்வாகு, தோல், முடி, கண் நான்கும் உடல் உறுப்பு வகை. ஒவ்வொன்றிலும் எப்போதும் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மாற்றலாம், கழற்ற முடியாது. மற்றவை துணி வகை. கழற்றலாம், ஒன்றின்மேல் ஒன்று போடலாம். முதலில் ஒரு வகைக்கு ஒன்றுதான் என்று வைத்து எழுதினார்கள். இரண்டு சட்டை போடலாம் என்று பின்னால் ஆனபோது, ‘சட்டையைக் கொடு’ என்று கேட்ட இடமெல்லாம் ‘எத்தனையாவது சட்டை?’ என்று கேட்க வேண்டியதாயிற்று. அந்த ஒட்டுப்போட்ட இடங்களைத்தான் இப்போது பிரிக்கிறோம். போன மாதம் எங்கள் கிளையில் ஒரு நிபந்தனையை இடம் மாற்றினேன். மெனுப் பட்டியில் ‘தோலைக் கழற்று’ வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

ஆகவே, தோலுக்கும் சட்டைக்கும் மேலே பொதுவாக நிற்கும் தாய் வகுப்புக்குப் பெயர் வேண்டும். உடுப்பு என்றால் தோல் அடங்காது.

தனித்தமிழ் அன்பர்:

எல்லாரும் ‘அவதாரம்’ என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். தோற்றுரு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? முதல் சொல்லிலேயே வழுக்கினால் அடுத்த சொல்லுக்குத் தூய்மை எங்கிருந்து வரும்?

தமிழாசிரியர்:

‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். அவதாரத்தில் வடவெழுத்து ஒன்றுகூட இல்லை. விட்டுவிடுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:

வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக வீட்டையே கொடுத்துவிட முடியாது.

மாணவி:

நான் இந்தக் கிளையன்ட்டைப் பயன்படுத்துகிறவள். நிரலர் அண்ணா, ஒரு சந்தேகம். அந்தச் சட்டையெல்லாம் உண்மையில் துணி மாதிரி தனி வடிவமா? அவதாரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தோளில் மடிப்பே இல்லையே?

நிரலர்:

சரியாகப் பார்த்திருக்கிறாய். அந்தப் பழைய வகைச் சட்டைக்குத் தனி வடிவம் கிடையாது. தோல் ஒரு படம். பச்சை குத்தல், உள்சட்டை, சட்டை, மேற்கோட்டு எல்லாம் அதன்மேல் வரிசையாக விழும் படங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கலந்து தலைக்கு ஒன்று, மேலுடலுக்கு ஒன்று, கீழுடலுக்கு ஒன்று என்று ஒற்றைப் படங்களாக்கி உடலில் ஒட்டிவிடும். முன்பெல்லாம் அவரவர் கணினியே இதைக் கலந்து மேலேற்ற வேண்டும். ஏற்றம் தவறினால், நீ புதுச் சட்டையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய், எதிரே இருப்பவர் கண்ணுக்குச் சாம்பல் நிறப் பொம்மையாகத் தெரிவாய். செகண்ட் லைஃபில் 2013இல் அந்தக் கலவை வேலை சேவையகத்துக்குப் போனது. அதற்காக, இரு பக்கமும் பொதுவான நிரலையும் கிளையன்ட்டுக்கு மட்டுமான நிரலையும் தனித்தனியாக வெட்டினார்கள். நாங்கள் இன்று தடவிப் பார்க்கிற தையலில் பாதி அந்த வெட்டில் விழுந்தது.

தமிழாசிரியர்:

துணி இல்லை, உடம்பின்மேல் எழுதிய படமா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! சங்கப் பாட்டில் இதற்குத் தொய்யில் என்று பெயர். தோளிலும் மார்பிலும் குழம்பால் கோலம் எழுதுவது. ‘தொய்யில் எழுதுதல்’ என்றே வழக்கு. சட்டை ஒரு தொய்யில், கோட்டு ஒரு தொய்யில், பச்சை குத்தலும் ஒரு தொய்யில். கலித்தொகையைப் புரட்டினால் இன்னும் அகப்படும். மாலைக்குள் எழுதுகிறேன்.

நிரலர்:

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் ‘தொய்யில் அடுக்கு’ என்று பார்க்கிற பையன் ஏதோ தொய்ந்து கிடக்கிறது என்று வழு அறிக்கை போடுவான். கண்ணும் உடல்வாகும் தொய்யிலா? உடல்வாகு வெறும் எண்கள்: உயரம் இவ்வளவு, தாடை இவ்வளவு.

மொழிபெயர்ப்பாளர்:

இன்று வியாழன்.

மாணவி:

‘அணிபொருள்’? தோலையும் அங்கே ‘வேர்’ (wear, அணி) என்ற கட்டளை கொடுத்துத்தான் மாற்றுகிறோம். அணிவது எதுவோ அது அணிபொருள்.

தமிழாசிரியர்:

பெண்ணே, நல்ல வினைத்தொகை. அணிந்த பொருள், அணிகின்ற பொருள், அணியும் பொருள் என்று மூன்று காலமும் உள்ளே கிடக்கிறது. பெட்டியில் மடித்து வைத்ததற்கும் பொருந்தும், உடம்பில் இருப்பதற்கும் பொருந்தும். நிரலுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். என் மனம் என்னவோ உடுப்பவையில்தான்.

தனித்தமிழ் அன்பர்:

பொருள் என்ற வாலை எதற்கெடுத்தாலும் ஒட்டுவது சோம்பல். மென்பொருள், வன்பொருள், இப்போது அணிபொருள். ‘பூண்’ என்ற ஒற்றைச் சொல் போதும்.

நிரலர்:

பூண் எனக்கு வேறு இடத்தில் வேண்டும். பொய்முடி, கம்மல், வாள் போன்றவற்றை உடலின் ஒரு புள்ளியில் மாட்டுகிறார்களே, அது தனி நிரல். ஐயா சொன்ன வேறுபாடு அங்கேதான் கைகொடுக்கிறது: தோல்மேல் படிவதை உடுத்துகிறோம், புள்ளியில் மாட்டுவதைப் பூணுகிறோம். ஆங்கில நிரலில் இந்த இரண்டுக்கும் பட்டியில் ஒரே சொல் இருப்பதால் பட்ட பாட்டை ஐந்து வருடமாகப் பார்க்கிறேன்.

மாணவி:

அப்புறம் நிரலை இப்படிப் பிரித்துத் திருத்தி எழுதும் வேலைக்கு, அதாவது ‘ரீஃபாக்டரிங்’குக்கு, என்ன போடப் போகிறீர்கள்?

தனித்தமிழ் அன்பர்:

காரணி என்பது கணக்கில் இருக்கிறது. மறுகாரணிப்படுத்தல்.

நிரலர்:

வேண்டவே வேண்டாம். மறுசீரமைப்பு என்றே பலர் எழுதுகிறார்கள்.

மாணவி:

அதைக் கேட்டால் ஏதோ துறையைக் கலைத்து ஆட்களை மாற்றுவது போல இருக்கிறது. வெளியே நடத்தை மாறாமல் உள்ளே மட்டும் மாற்றுவதுதானே? துணி அதே, அளவு அதே. தையலைப் பிரித்து மறுபடி தைப்பது. ‘மறுதையல்’?

தமிழாசிரியர்:

உடை நிரலுக்கு வெகு பொருத்தம். வங்கி நிரலை எவ்வாறு தைப்பது?

மொழிபெயர்ப்பாளர்:

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கையேட்டில் தாய் வகுப்பு அணிபொருள், அதற்குக் கீழே உடுப்பு, உடல் உறுப்பு, மாட்டுபவை பூண். ரீஃபாக்டரிங் மறுசீரமைப்பாகவே போகிறது. மாணவியின் மறுதையலை ஓர் அத்தியாயத் தலைப்பாக மட்டும் நுழைத்திருக்கிறேன், யாரும் கேட்காதீர்கள். ‘சட்டை-ஐக் கழற்று’ என்று வேற்றுமை உருபு தனியாகத் தொங்கிய திரைச் சொற்றொடர்களை எல்லாம் ‘கழற்று: சட்டை’ என்று திருப்பிவிட்டேன். அவதாரம், அவதாரமே.

‘பழையன கழிதலும்’ நூற்பாவை ஒருவரும் எடுக்காமலே ஓர் இழை முடிகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். கோப்பை ஏற்றியாயிற்று.

தனித்தமிழ் அன்பர்:

என் மாறுபாட்டைக் குறித்துக்கொள்ளவும். தோற்றுரு.

தமிழாசிரியர்:

கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘அணிபொருள்ந்திருக்கும் சட்டை’ என்று இருக்கிறது. ‘அணிபொருள்யை’ என்றும் ஒன்று. இது எந்தப் புணர்ச்சி விதியம்மா?

மொழிபெயர்ப்பாளர்:

ஐயோ. பழைய ‘அணி’யை எல்லாம் ஒரே தட்டில் தேடி மாற்றினேன்.

நிரலர்:

இதே காரியத்தைத்தான் நான் போன மாதம் நிரலில் செய்தேன், அக்கா. மொத்தம் எத்தனை இடம்?

மொழிபெயர்ப்பாளர்:

எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று வரை வந்திருக்கிறது, இன்னும் பாதிக் கோப்பு பாக்கி.

தமிழாசிரியர்:

ஒன்பதாம் பக்கத்தில் ‘அணிப்பொருள்’ என்று இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அந்தப் ‘ப்’பையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.