மறுமொழி: இசைத்தட்டு ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜின் ‘அவுட்புட் லெவல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘வெளியீட்டு மட்டம்’ என்று வைத்தால் என்ன? தாழ்மட்டக் கார்ட்ரிட்ஜ், உயர்மட்டக் கார்ட்ரிட்ஜ் என்று பிரித்துவிடலாம்.

வணக்கம் ஐயா,

எனக்கு இடிப்பது அந்த ‘மட்டம்’தான். கடல்மட்டம் என்றால் அளவு. ‘ரொம்ப மட்டம்’ என்றால் வசவு. தாழ்மட்டக் கார்ட்ரிட்ஜ் என்று படிப்பவர் மட்டரகம் என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்போ கிட்டத்தட்ட நேர்மாறு. இசைத்தட்டுப் பிரியர்கள் தேடிப்போகும் மூவிங் காயில் (சுருள் அசையும்) வகைகள் பலவும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் தரும். டெனான் டிஎல்-103 வெறும் 0.3. சாதாரண மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை) 3 முதல் 6 வரை தரும்.

அதற்காக ‘குறைந்தால் நல்லது’ என்று திருப்பிப் போட்டாலும் தப்பு. மூவிங் காயிலில் ஊசித்தண்டின் மறுமுனையில் கம்பிச்சுருளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்று கூடினால் மின்சாரம் கூடும், கூடவே எடையும் கூடும். எடை சுமந்த ஊசியால் தடத்தின் நுண்ணிய நெளிவுகளில் சட்டென்று திரும்ப முடியாது. அதனால்தான் சுற்றைக் குறைக்கிறார்கள். மின்சாரம் குறைவது அதன் பக்கவிளைவு, நல்ல ஒலிக்குக் காரணம் அல்ல. மேக்னட் வகையில் அசைவது காந்தம். சுருள் சும்மா நிற்பதால் நிறையச் சுற்றலாம். ஆனால் அந்தச் சுருளின் மின்தூண்டல் சில நூறு மில்லிஹென்றி. அது கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து, காதுக்கு எட்டும் எல்லையின் மேல்விளிம்பில் ஒரு புடைப்பை உண்டாக்கும், அதற்கப்புறம் சரிவு.

குறைவாகத் தருவதிலும் தொல்லை உண்டு. மேக்னட்டுக்கு 40 டெசிபெல் பெருக்கம் போதும்; காயிலுக்கு 60 வேண்டும், அதாவது இன்னும் பத்து மடங்கு. ஒருமுறை காயில் வகையைப் பெருக்கியின் மேக்னட் துளையிலேயே செருகிவிட்டு வால்யூமை முக்கால்வாசி திருப்பினேன். வயலின் கேட்டது, பின்னால் மழை போல இரைச்சலும் கேட்டது.

‘வெளியீட்டு அழுத்தம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வோல்டேஜுக்கு மின்னழுத்தம் சரிதான். ஆனால் கார்ட்ரிட்ஜ் பேச்சில் அழுத்தம் என்றாலே, ஊசி தட்டின் மேல் உட்காரும் ஒன்றரை, இரண்டு கிராம்தான் நினைவுக்கு வரும். ‘குறைவெளியீடு’ வேண்டவே வேண்டாம், குறை என்றால் பழுது. (‘ஈனளவு’ என்றும் யோசித்தேன். ஈனுவது போய் ஈனம் வந்து நின்றது.)

அதனால் என் பரிந்துரை ‘மின்வரத்து’. நீர்வரத்து போல. சிறுவரத்து, பெருவரத்து என்று பிரிக்கலாம். அளவைச் சொல்லும், தரத்தைப் பற்றி வாயே திறக்காது.

*

மறுமொழி:

> என் பரிந்துரை ‘மின்வரத்து’.

மட்டத்தைக் கைவிட்டேன் தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் மின்வரத்து என்றால் ‘கரண்ட் வந்துவிட்டதா?’ என்று கேட்பது போல இருக்கிறது. அப்புறம், பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவதும் அவுட்புட்தானே, அதையும் வரத்து என்பீர்களா?

*

மறுமொழி:

மாட்டேன் ஐயா. பெருக்கியின் பின்பக்கத்துக்கு வெளியீடே இருக்கட்டும். ஊசியிலிருந்து வருவதற்கு மட்டும் ‘ஊசிவரத்து’ என்று வைத்துக்கொள்வோமா? கரண்ட் குழப்பமும் தீரும்.

இந்தச் சொல்லை விளக்கும் இடத்தில், ஊசி எந்த வேகத்தில் அசையும்போது அளந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள். சிலர் 1 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்று அளக்கிறார்கள், சிலர் 3.54 என்று. ஒரே ஊசிக்கு இரண்டு எண் வரும். அதைப் பார்க்காமல் இரண்டு கார்ட்ரிட்ஜின் வரத்தை ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள், நான் உட்பட.