எண்ணெய் மட்டும்தான் காரணமா? தேக்கவீக்கம் பற்றிய அனுபவங்கள்

பொருளியல் மாணவி:
வாய்மொழித் தேர்வில் 1970-களின் தேக்கவீக்கத்துக்கு, அதாவது பொருளாதாரம் தேங்கி வேலையின்மை கூடும்போதே விலைவாசியும் ஏறிய நிலைக்கு, காரணம் கேட்டார்கள். 1973 அக்டோபரில் நடந்த அரபு-இஸ்ரேல் போர், அரபு நாடுகளின் எண்ணெய் ஏற்றுமதித் தடை, ஏறத்தாழ 3 டாலராக இருந்த பீப்பாய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது என வழக்கமான வரிசையில் சொன்னேன். தேர்வாளர் அமெரிக்க விலைவாசி வரைபடத்தை என் பக்கம் திருப்பி, 1973 செப்டம்பரின் மேல் விரலை வைத்தார்; பணவீக்கம் அங்கேயே 7 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. "அப்போது தடையே வரவில்லையே, இது எதனால்?" என்றார். 1971-இல் டாலரைத் தங்கமாக மாற்றித் தரும் உறுதியை அமெரிக்கா கைவிட்டது, தளர்வான பணக்கொள்கை, 1972-இன் தானியத் தட்டுப்பாடு என்று அடுக்கினேன். "எதன் பங்கு எவ்வளவு?" என்று கேட்டார், நேரம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பெட்ரோலுக்காக நின்ற கார் வரிசையின் படத்தை வகுப்பில் காட்டியபோது, "விலைதான் ஏறிவிட்டதே, பிறகு ஏன் வரிசை?" என்று கடைசி வரிசை மாணவன் கேட்டான். அமெரிக்க அரசு உள்நாட்டு விலைக்கு உச்சவரம்பு விதித்திருந்ததே விடை. அக்கட்டுப்பாடு 1981 ஜனவரியில்தான் முற்றாக நீங்கியது. பற்றாக்குறையில் பாதி அரசே உண்டாக்கியது என்பது என் கருத்து.

வங்கி ஆய்வாளர்:
ஐயா, வரிசை வேறு, தேக்கம் வேறு. ஒரு கருத்தரங்கில் ஜப்பானின் இரண்டு எண்களை மட்டும் திரையில் காட்டினார்கள்: 1974-இல் பணவீக்கம் ஏறத்தாழ 23 விழுக்காடு, 1980-இல் ஏறத்தாழ 8. இரண்டுமே எண்ணெய் அதிர்ச்சிக் காலங்கள், அதாவது எண்ணெய் விலை திடீரென எகிறிய காலங்கள். இரண்டாவது முறை மத்திய வங்கி முன்கூட்டியே வட்டியை உயர்த்தியது, தொழிற்சங்கங்களும் ஊதியக் கோரிக்கையை அடக்கிக்கொண்டன. மாணவிக்கு ஓர் அறிவுரை: விலையை முதலில் தள்ளிவிட்டது எது, பிறகு அதை ஓடவிட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். எண்ணெய் விலையேற்றம் உற்பத்திச் செலவைக் கூட்டுவதோடு, இறக்குமதி செய்யும் நாட்டின் வருமானத்தையும் வெளியே கொண்டுபோவதால், விலையேற்றமும் வேலையின்மையும் சேர்ந்தே வருகின்றன. விலை மேலும் ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்க்கத் தொடங்கினால் அது ஊதியத்தில் ஏறி நிலைத்துவிடுகிறது. அதை உடைக்கத்தான் அன்றைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் வோல்க்கர் 1981-இல் வட்டியை 20 விழுக்காடு அளவுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே அமெரிக்க வேலையின்மை 10 விழுக்காட்டைக் கடந்தது. பணவீக்கத்தை அடக்கக் கொடுத்த அந்த விலையையும் மறக்காமல் எழுதுங்கள்.

பொருளியல் மாணவி:
தேர்வு முடிந்துவிட்டது, ஐயா. அறிவுரை நான் கேட்கவுமில்லை. இரண்டாவது அதிர்ச்சிக்குள் ஜப்பானின் ஆலைகள் எண்ணெயைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகியிருந்தன. அதைக் கணக்கில் சேர்க்காமல் மத்திய வங்கிக்கும் தொழிற்சங்கங்களுக்குமே முழுப் பெருமையையும் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.