அம்மாயி வீட்டு குரூப்: தம்பியோட ரிப்போர்ட்

சித்தி அம்மாபேட்டை: என் பையன் ரிப்போர்ட் வந்துருச்சு. டெஸ்டோஸ்டிரோன்ற ஆம்பள ஹார்மோன் ரொம்ப கம்மியாம், மூளைலருந்து வர்ற எல்எச் எஃப்எஸ்எச் ஹார்மோனும் கம்மியாம், எம்ஆர்ஐல மோந்து பாக்கற நரம்போட முனையே வளரலன்னு எழுதியிருக்கு. டாக்டர் கால்மன் சிண்ட்ரோம்னு சொன்னாரு எனக்கு கையும் ஓடல காலும் ஓடல

அம்மா: 17 வயசுல மீசை லேட்டானா என்ன இப்ப. முருங்கப்பூவ பால்ல போட்டு ஒரு மண்டலம் குடு

அக்கா சென்னை: அம்மா நீ சும்மா இரு. சித்தி பயப்படாதீங்க. வயசுக்கு வர்றதுக்கு மூளைலருந்து ஜிஎன்ஆர்எச்னு ஒரு ஹார்மோன் உத்தரவு போடணும், அத சுரக்கற செல்லுங்க வயித்துல கருவா இருக்கறப்ப மூக்குப் பக்கம்தான் உண்டாகுது, மோப்ப நரம்பப் புடிச்சுக்கிட்டே மூளைக்குள்ள போய்ச் சேரணும், இவனுக்கு அந்த நரம்பே சரியா போகல அதனால செல்லும் நடுவழில நின்னுருச்சு. அதான் வாசனையும் தெரியல மீசையும் வரல

அம்மா: சொந்தத்துல குடுக்க வேணாம்னு அப்பாகிட்ட அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்

அக்கா சென்னை: சொந்தத்துல கட்டினா அதிகமா வர்ற வகையும் இருக்கு, ஜிஎன்ஆர்எச்ஆர், கிஸ்1ஆர் ஜீனெல்லாம் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் கெட்டதா வரணும், ஆனா அதுல வாசனை நல்லாவே தெரியும். இவனுக்கு ஏஎன்ஓஎஸ்1 ஜீனா இருக்கலாம். 1991ல கண்டுபிடிச்சாங்க, எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கிக்கும், பையனுக்கு இருக்கறதே ஒண்ணுதான்

சித்தி அம்மாபேட்டை: அப்ப என்னாலதானாடி

அக்கா சென்னை: யாரும் கேட்டு வாங்கிட்டு வர்றதில்ல சித்தி. எஃப்ஜிஎஃப்ஆர்1னு ஒரு ஜீன் அப்பா பக்கமிருந்தும் வரும். கிட்டத்தட்ட பாதி பேருக்கு டெஸ்ட்லயே ஒண்ணும் சிக்காது. சரி ஒண்ணு கேக்கறேன், அவன் ஒரு கைல வேலை செய்யறப்ப இன்னொரு கையும் கூடவே ஆடுமா? ஏஎன்ஓஎஸ்1ல அப்படி ஆடறது உண்டு

சித்தி அம்மாபேட்டை: ஆமாடி!! ரசஞ்சோறு பிசையறப்ப இடது கை மடில கெடந்து அதுவும் பிசையும், சேட்டைன்னு திட்டுவோம்

சித்தப்பா: நம்ம மச்சானுக்கும் அப்படித்தான ஆடும்

அக்கா சென்னை: சித்தப்பா 🤐

மாமா ஏற்காடு: படிச்சுட்டுதான் இருக்கேன். எனக்கும் ஆடும். காப்பி பூத்தா எஸ்டேட்டே மணக்குதுன்னு டூரிஸ்ட்டெல்லாம் வண்டிய நிறுத்தி மோந்துட்டு போவாங்க, எனக்கு சின்ன வயசுலருந்தே ஒண்ணும் தெரியாது சளின்னு நெனச்சுக்கிட்டேன். கல்யாணம் வேணாம்னு ஏன் சொன்னேன்னு இப்ப தெரியுதா அக்கா

அம்மா: சொல்லியிருக்கலாம்லடா சாமி எத்தன ஜாதகம் தூக்கிட்டு அலஞ்சேன்

மாமா ஏற்காடு: என்னன்னு சொல்றது

அக்கா சென்னை: மாமா இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இத்தன வருஷம் டெஸ்டோஸ்டிரோன் இல்லாம எலும்பு தேஞ்சிருக்கும், படில லேசா வழுக்குனதுக்கே மணிக்கட்டு ஒடஞ்சுதே ஞாபகம் இருக்கா, எலும்பு பலம் பாக்கற டெக்ஸா ஸ்கேன் எடுங்க. வயித்து ஸ்கேனும் எடுங்க, இந்த ஏஎன்ஓஎஸ்1 ஜீன் கெட்டா சிலருக்கு ஒரு கிட்னிதான் இருக்கும். தனியா இருக்கீங்க கேஸ் லீக்கானா தெரியாது முதல்ல ஒரு அலாரம் மாட்டுங்க

சித்தி அம்மாபேட்டை: என் பையனுக்கு குழந்த குட்டி?

அக்கா சென்னை: இப்போதைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசில குரல் ஒடையும் மீசை வரும். குழந்தை வேணுங்கறப்ப அத நிறுத்திட்டு விந்தணு உண்டாக எச்சிஜி, எஃப்எஸ்எச்னு ஹார்மோன் ஊசி மாசக்கணக்குல போடணும், நெறைய பேருக்கு பலிக்குது. வாசனை மட்டும் வராது

மாமா ஏற்காடு: வியாழக்கிழமை கீழ எறங்கறேன். பையன நானே கூட்டிட்டுப் போறேன் ரெண்டு பேரும் ஒண்ணாவே ரத்தம் குடுத்துக்கறோம். அதுக்குள்ள அவன்கிட்ட யாரும் எதையும் ஒளற வேணாம் நான் பேசிக்கறேன்

சித்தி அம்மாபேட்டை: வாண்ணா 🙏

அம்மா: நானும் வர்றேன்

அக்கா சென்னை: நீ வேணாம்மா